முன்சக்கரமும் கொஞ்சம் உழைக்கட்டும்!

எல்லா ஆபீஸிலும் இது உண்டு. பின்னால் உட்கார்ந்திருக்கும் ரெண்டு பேர் மாங்கு மாங்கென்று வேலை பார்ப்பார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் ரெண்டு பேர் 'இப்படிப் போ... அப்படிப் போ' என்று திசை மட்டும் காட்டுவார்கள். சாதாரண டிராக்டரும் அதே கதைதான். பெரிய பின்சக்கரங்கள் இழுக்கும். சின்ன முன்சக்கரங்கள் திரும்பும். அவ்வளவே!

முன்சக்கரங்களையும் வேலை வாங்குவதை நான் பார்த்த இடம், வடக்கனந்தல். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு பேரூராட்சி. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. பக்கத்திலேயே கச்சிராயபாளையம், அதன் சர்க்கரை ஆலை, அப்புறம் கோமுகி அணை. நெல், கரும்பு, மரவள்ளி என்று பச்சைப் பசேல். இங்கே ஒரு டிராக்டர் ஒரே நாளில் சேற்றில் இறங்க வேண்டும், தார் ரோட்டில் ஓட வேண்டும், மேட்டுக்காட்டிலும் ஏற வேண்டும்.

வரப்பில் நின்றேன். வயலுக்குள் ஒரு குட்டி டிராக்டர். குபோட்டா பி2441, மஹிந்திரா ஜீவோ 245 மாதிரி, 24 குதிரைசக்தி ரகம். சேற்றில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்ததும் டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தினார். க்ளட்ச்சை மிதித்து, சீட்டுக்குக் கீழே இருந்த சின்ன லீவரைத் தள்ளினார். அடுத்த நிமிஷம், எருமை குளத்தை விட்டு எழுந்து வருவது போல நிதானமாக நகர்ந்தது வண்டி!

''பிரமாதம்ணே! எப்பவுமே அதைப் போட்டே வெச்சுக்கலாமே?''

சிரித்தார். ''ஷூ நல்லா இருக்குன்னு தூங்கும்போதும் போட்டுக்குவீங்களா சார்?''

விஷயம் இதுதான். லீவரைப் போட்டதும், முன்டயர் பின்டயரைவிடக் கொஞ்சூண்டு, சில சதவீதம், வேகமாக உருளும்படி கியரை அமைத்திருக்கிறார்கள். சேற்றில் டயர் லேசாக வழுக்கும். அந்த வித்தியாசம் கரைந்துவிடும். தார் ரோட்டில் வழுக்காதே! முன்னது இழுக்க, பின்னது பிடிக்க, நடுவில் மாட்டிக்கொண்ட கியர் முறுக்கேறும். டயர் தேயும், டீசல் கரையும். ரோடு ஏறினதும் லீவரை எடுத்துவிட வேண்டும். முறுக்கேறி லீவர் வர மறுத்தால், கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விட்டுக் கொடுக்கும்.

''மேடு ஏறத்தானே ஃபோர் வீல்?'' என்றேன்.

''ஏறுறதைவிட எறங்குறதுக்குதான் சார் முக்கியம்!''

இதுதான் எனக்குப் புதுசு. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். மண்சரிவில் இறங்கும்போது எடை முன்பக்கம் சாயும், பின்சக்கரம் லேசாகிவிடும். பிரேக்கை மிதித்தால் சக்கரம் நிற்கும், வண்டி வழுக்கிக்கொண்டு போகும்! லீவரைப் போட்டிருந்தால், பின்சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக், ஷாஃப்ட் வழியாக முன்சக்கரத்தையும் பிடிக்கும். நாலு காலையும் ஊன்றி இறங்கலாம்.

ஆனால், லீவரைச் சரிவுக்கு முன்பே போட வேண்டும். பாதிச் சரிவில் தேடக்கூடாது. கியர் குறைவாக இருக்க வேண்டும். இடது, வலது பிரேக் பெடல் ரெண்டையும் சேர்த்துக் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவது, யமனுக்கு லிஃப்ட் கொடுக்கிற வேலை. டிரெய்லரில் அளவுக்கு மீறி லோடு ஏற்றியிருந்தால், பின்னாலிருந்து தள்ளுகிற அதைத் தடுக்க எந்த லீவராலும் முடியாது. பக்கவாட்டில் கவிழ்வதையும் தடுக்காது.

வேலை முடிந்து வண்டி ரோடு ஏறியது. லீவரை எடுத்தார். பஸ் ஸ்டாப் வரை மட்கார்டில் தொற்றிக்கொள்ளலாம் என்று காலைத் தூக்கினேன்.

''டிராக்டர்ல ஒரே சீட்டுதான் சார். அது டிரைவருக்கு!'' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நடந்தேன். என்ன செய்ய... நமக்கு எப்பவும் டூ வீல் டிரைவ்தானே!