பின்விளக்கு

என் தங்கை மகன் பொய் சொல்லிவிட்டான் என்று ஓர் இரவும் அரைப் பகலும் நான் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை எங்ஙனம் உடைந்தது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன். அரபு இலக்கணமும் தமிழும் ஓதிக்கொடுத்துப் பிழைக்கின்றவனுக்கு மோட்டார்ப் பட்டறையில் என்ன வேலை என்று வாசக நேயர்கள் வினவலாம். என் பிழையே என்னை அங்கு இட்டுச் சென்றது.

பல்லடத்திலிருந்து சிங்காநல்லூருக்கு நான் குடிபெயர்ந்தபோது, என் நூல்கள் யாவும் மருமகனுடைய பிக்கப் வண்டியில் வந்தன. அவனுக்கு அந்த வண்டிதான் தொழில். அதன் வாடகையில்தான் என் தங்கையின் வீட்டில் அடுப்பெரிகிறது. புறப்படும் வேளையில் தூறல் தொடங்கிற்று. நாற்பதாண்டுகளாகச் சேர்த்த நூல்கள் நனைந்துவிடுமே என்ற பதற்றத்தில் தார்ப்பாயை நானே இழுத்து மூடிக் கயிறு கட்டினேன். சூலூரைக் கடந்து, திருச்சி சாலையில் ஒண்டிப்புதூரை நெருங்கும்போது முன்னே சென்ற பேருந்து நின்றது. மருமகன் பிரேக்கை மிதித்தான். அடுத்த நொடியில் வண்டியின் பின்புறத்தில் பெருஞ்சத்தம். மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் மோதி விழுந்து கிடந்தார். அல்லாஹ்வின் அருளால் உயிருக்குக் கேடில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை சொன்னது இது: "பின்னாடி சிவப்பு லைட்டு எரிஞ்சுட்டுத்தானுங்க இருந்துச்சு. திடீர்னு அணைஞ்சு போச்சுங்க. வண்டி நின்னதே தெரியலீங்க." மருமகன் சொன்னது இது: "பிரேக் லைட் எரியுது மாமா. காலையிலகூட மிதிச்சுப் பாத்தேன்." அந்தப் பிள்ளையின் தகப்பனார் முன்னிலையில், "வாயை மூடு, பொய் சொல்லாதே" என்று அவனை அதட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை.

முரண்படும் இரு செய்திகள் வந்தால் என் செய்வது என்பதை எத்தனையோ மாணவர்களுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். ஷாஃபிஈ அறிஞர்கள் முதலில் இரண்டையும் இணக்கிப் பார்ப்பர். இயலாதபோதே ஒன்றை மேலெடுப்பர். எங்கள் ஹனஃபி நூல்களில் வரிசை சிறிது வேறுபடும். அன்றிரவு நான் எந்த மத்ஹபின் வரிசையையும் பின்பற்றவில்லை என்பதே உண்மை.

மறுநாட் காலை வண்டியின் பின்னே நின்று மிதிக்கச் சொன்னேன். வலப்பக்க விளக்கு எரிந்தது! சற்றே மங்கல், வெயிலில் அப்படித்தான் தோன்றும் என்று எண்ணினேன். எதற்கும் இருக்கட்டும் என்று புதிய பல்பு வாங்கி மாற்றினோம், அதே மங்கல். பியூஸ் நன்றாயிருந்தது. வழியில் அகப்பட்ட ஒருவர் மீட்டரை வைத்து, 12 வோல்ட் வருகிறது, குறையொன்றுமில்லை என்று தீர்ப்பளித்துப் போனார்.

நண்பகலில் காமராசர் சாலைப் பக்கம் ஒரு சந்திலிருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சென்றோம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது முதல் ஆலையும் மோட்டாரும் பம்புமாய் வளர்ந்த ஊரன்றோ இது! கம்பியின் மொழி அறிந்தவர்க்கு இங்கே பஞ்சமில்லை. அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் ஹெட்லைட் சுவிட்சைப் போடச் சொன்னார். வலப்பக்கப் பின்விளக்குப் பளிச்சென எரிந்தது. "இப்ப பிரேக்கை மிதிங்க தம்பி" என்றார். விளக்கு அணைந்தது! காலை எடுத்தால் எரிந்தது. மிதித்தால் மீண்டும் அணைந்தது.

நான் திகைத்து நின்றேன். அவர் பல்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதனுள் இரண்டு இழைகள். 5 வாட் இழை இரவில் எப்போதும் எரிவது. 21 வாட் இழை பிரேக்குக்கு உரியது. இரண்டுக்கும் தனித்தனியே மின்சாரம் வரினும், அது திரும்பிப் போகும் வழி ஒன்றே. ஹோல்டர் வழியாக வண்டியின் இரும்புச் சட்டத்தைச் சேர்ந்து பேட்டரிக்குத் திரும்பும் அவ்வழியைத்தான் 'எர்த்' என்கிறார்கள். அவ்வழி அறுந்திருந்தது.

வழி அறுந்தால் மின்சாரம் சும்மா இராது. சந்து பொந்து தேடும். பகலில் பிரேக்கை மிதித்தால், பெரிய இழையில் நுழைந்த மின்சாரம் சிறிய இழையின் வழியே பின்னோக்கி ஓடி, மற்றப் பார்க்கிங் விளக்குகளின் வாயிலாக எர்த்தைச் சேரும். அப்போது ஒளிர்வது சிறிய இழையே. மருமகன் காலையில் கண்டது அதைத்தான். இரவில் சிறிய இழையில் வரும் மின்சாரம் பெரிய இழையின் வழியே திரும்பி, இடப்பக்கப் பிரேக் விளக்கின் ஊடாகத் தப்பிச் செல்லும். ஆகவே விளக்கு எரியும். அந்நிலையில் பிரேக்கை மிதித்தால் இரண்டு இழைகளின் வாயிலிலும் ஒரே 12 வோல்ட். இரு பக்கமும் சமமான அழுத்தம் நின்றால் ஓட்டம் ஏது? விளக்கு அணைகிறது. அந்த இளைஞர் கண்டது இதை.

இருவருமே மெய் சொன்னார்கள்.

அப்படியாயின் மீட்டர் ஏன் குறை காட்டவில்லை என்று கேட்டேன். "அது வர்ற பக்கத்தை மட்டும் பாத்திருப்பாருங்க வாத்தியாரய்யா. வந்தது சரி, போறதைப் பாக்கோணுமல்லங்க?" என்றார். டெஸ்ட் லைட்டின் கிளிப்பைச் சட்டத்தில் மாட்டி, ஊசியைப் பல்புக்கு வரும் கம்பியில் வைத்தார், எரிந்தது. கிளிப்பை ஹோல்டரின் உடலுக்கு மாற்றினார், எரியவில்லை. பிறகு ஒரு துண்டுக் கம்பியால் ஹோல்டரையும் சட்டத்தையும் இணைத்ததும் பிரேக் விளக்கு கண்ணைக் கூசியது. இன்னொன்றும் சொன்னார்: ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 12 காட்டும், பல்பைச் சுமக்கும்போதுதான் அந்த இழையின் வலு தெரியும்.

காரணமும் வெளிப்பட்டது. சில மாதங்களுக்கு முன் வண்டிக்குப் பெயின்ட் அடித்தவர்கள் எர்த் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தையும் சேர்த்துப் பூசி, பூச்சின்மேலேயே முடுக்கியிருந்தார்கள். மழை நீர் எஞ்சியதைத் துருவாக்கிவிட்டது. அவர் அரம் கொண்டு பூச்சைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பின்னர், புதிய முனையும் பல் வாஷரும் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். கால் மணி நேர வேலை. பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரிய வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. அது இந்தத் துளிப் பெயின்டில் தவறிப்போயிருந்தது.

கூலியை வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்: "ஏனுங்க, இடப்பக்க லைட்டு நல்லாத்தானே இருக்குது? அதைக்கூடவா அந்தத் தம்பி பாக்கலை?"

நான் மருமகனைப் பார்த்தேன். அவன் வேறெங்கோ பார்த்தான். இடப்பக்க விளக்கின்மேல் தார்ப்பாயின் முனை தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைக் கட்டியவன் நான். அவன் அதனை அன்றிரவே கண்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில் நான் அதட்டியபோதும் சொல்லவில்லை.

அன்று அஸர் தொழுகைக்குப் பின் அவனை அழைத்துக்கொண்டு அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்றேன். மாவுக்கட்டோடு அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவருடைய தகப்பனாரிடம், இவன் சொன்னது மெய், தார்ப்பாயைக் கட்டியது நான் என்று இரண்டையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தம் வீட்டு வாசலில் நின்ற பழைய வேனைக் காட்டி, "இதையும் லைட்டைப் போட்டு மிதிச்சுப் பாத்துருவமா தம்பி?" என்று என் மருமகனைக் கேட்டார். அவன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். நாங்கள் இருவரும் வேனின் பின்னே போய் நின்றோம்.