சுடுகாட்டுப் பூ

எங்கள் ஃப்ளாட்டின் பால்கனி ஆறடிக்கு மூன்றடி. பாதியை வாஷிங் மெஷின் எடுத்துக்கொண்டது. மிச்ச இடத்தில் பூந்தொட்டி வைப்பது என்று முடிவானபோது, நான் போட்ட ஒரே கண்டிஷன்: வருஷம் பூரா பூக்க வேண்டும். பி.காம். படித்தவன் புத்தி அப்படித்தான் போகும். ஒரு மாதம் பூத்துவிட்டு, பதினோரு மாதம் இலையைக் காட்டுகிற செடியை வளர்ப்பது நஷ்டக் கணக்கு இல்லையா?

முதலில் வாங்கியது சாமந்தி. பொங்கல் சமயத்தில் நர்சரி முழுக்க மஞ்சளாக இருந்ததைப் பார்த்து மயங்கிவிட்டேன். மூன்று வாரம் ஜெகஜோதி. அப்புறம் வெறும் இலை. அடுத்த மார்கழியும் வந்து போனது, ஒரு மொட்டுகூட இல்லை. நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

‘‘ராத்திரி செடி மேல லைட் விழுதா சார்?’’ என்றார் நிதானமாக.

விழுகிறது. பால்கனிக்கு நேர் எதிரே தெருவிளக்கு. சாமந்திக்கு நீளமான இருட்டு வேண்டுமாம். ராத்திரி நீண்டுவிட்டது என்று தெரிந்தால்தான் மொட்டு விடுமாம். தெருவிளக்கு வெளிச்சத்தில் அது வருஷம் பூரா கோடைக்காலம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவம்.

அடுத்தது டேபிள் ரோஸ். காலையில் வெயில் ஏறியதும் விரியும், மதியம் தாண்டினால் சுருண்டுவிடும். அவசரமாக ஆபீஸ் கிளம்பி, ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்புகிறவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பூ.

மூன்றாவது முறை போனபோது நர்சரிக்காரருக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது. ‘‘இதைக் கொண்டு போங்க சார். நீங்க மறந்தாலும் இது பூக்க மறக்காது’’ என்று ரோஸ் நிறப் பூவோடு ஒரு செடியைக் கொடுத்தார். நித்தியகல்யாணி. பெயரிலேயே கியாரண்டி இருக்கிறது!

வீட்டு வாசலிலேயே அம்மா மறித்தாள். ‘‘ஏன்டா, வேற செடியே கிடைக்கலையா? இது சுடுகாட்டுப் பூடா. மாயவரத்துல ஆத்தங்கரை சுடுகாடு முழுக்க இதுதான். இதைப் போய் யாராவது வீட்டுல வைப்பாளா?’’

அம்மாவிடம் வாதம் செய்து ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. தொட்டி மொட்டை மாடிக்குப் போனது. தண்ணீர் டேங்க் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்தே போனேன்.

அந்த வருஷம்தான் தங்கை மகனுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து வயசு. பத்து நாளாகியும் விடாத காய்ச்சல், காலில் நீல நீலமாகத் திட்டுகள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்பதுகூட மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

டாக்டர் ஒரு தாளில் நாலைந்து மருந்துகளின் பெயரை எழுதிக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து, இரண்டு மூன்று வருஷம் நடக்கிற வைத்தியம். அதில் ஒன்று வின்கிரிஸ்டின். பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன்.

நித்தியகல்யாணிக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர். அதன் இலைக் கஷாயம் சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று ஜமைக்காவில் ஒரு நம்பிக்கை. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கின! ரத்தப் புற்றுநோயில் தறிகெட்டுப் பெருகுவது அந்த அணுக்கள்தானே. அந்த வழியில் கிடைத்த முதல் மருந்து வின்பிளாஸ்டின், 1958-ல் அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து அடுத்து வந்தது வின்கிரிஸ்டின். ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நம் தென் மாவட்டங்களில் இதை மானாவாரியாகப் பயிரே செய்கிறார்கள்.

(இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து மென்றுவிடாதீர்கள். செடி முழுக்க விஷம். ஆஸ்பத்திரியில் அளந்து ஏற்றினால்தான் அது மருந்து.)

அம்மாவிடம் சொன்னேன்.

‘‘எந்தச் செடிங்கறே?’’

‘‘நீ மாடிக்குத் துரத்தினியே, அது.’’

அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், தொட்டி பால்கனியில் இருக்கிறது. படி ஏறினால் மூட்டு வலிக்கிறது என்று வருஷக்கணக்கில் மாடிப்பக்கமே போகாதவள், அதைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். டேங்க் பக்கம் யாருமே கவனிக்காமல் கிடந்த செடியில் எண்ணிப் பார்த்தேன், பதினேழு பூ.

அதற்கப்புறம் அந்தத் தொட்டி அம்மாவின் டிபார்ட்மென்ட். அவள் சொல்லும் பக்குவம் இதுதான்: ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் படணும். தொட்டியின் அடியில் ஓட்டை அடைக்காமல் இருக்கணும், அதன் மேல் ஒரு ஓட்டாஞ்சில்லு. செம்மண்ணோடு மணலும் கொஞ்சம் மக்கிய எருவும். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். பாசத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். எருவை அள்ளிப் போட்டால் இலைதான் கொழிக்கும். சின்னச் செடியில் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை கிளையாகப் பிரிந்து பூக்கும். வாடின பூ தானே உதிர்ந்துவிடும், அந்த வேலைகூட நமக்கு இல்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் தண்டு கட்டையாகிப் பூ குறைந்தால், விதையிலிருந்து புதுசு போட்டுக்கொள்ளலாம்.

பையன் இப்போது எட்டாம் வகுப்பு. வருஷத்துக்கு ஒரு முறை செக்கப், அவ்வளவுதான்.

‘‘இந்தப் பூவைச் சாமிக்கு வைப்பியாம்மா?’’ என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

‘‘அதை எதுக்குடா பறிக்கணும்? செடியிலயே இருக்கட்டும்’’ என்றாள்.

காய் முற்றியதும் கறுப்பு விதைகளைக் காகிதத்தில் மடித்து வைக்கிறாள். கேட்கிற வீட்டுக்கெல்லாம் ஒரு பொட்டலம். என்ன பூ மாமி என்று யாராவது கேட்டால், நிமிர்ந்து உட்கார்ந்து ‘‘நித்தியகல்யாணி’’ என்கிறாள். வேறு பெயர் எதுவும் அதற்கு இருந்ததாகவே அவள் காட்டிக்கொள்வதில்லை.