முதல் பெட்டி

அப்பா சென்னைப் புறநகர் ரயிலில் மோட்டார்மேன். கடற்கரை – தாம்பரம் தடத்தில் இருபத்தாறு வருஷம். ஓய்வுபெற்ற பிறகு, 2019இல் சிங்கப்பூருக்கு என்னிடம் வந்திருந்தார். லிட்டில் இந்தியாவில் ரயிலின் முதல் பெட்டிக்குக் கூட்டிப்போனேன். வடகிழக்குத் தடம், 2003இல் திறந்த நாளிலிருந்தே ஓட்டுநர் கிடையாது. அவர் உட்காரவேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி. யார் வேண்டுமானாலும் நின்று சுரங்கத்தைப் பார்க்கலாம்.

"எங்க வேலைக்கே வேட்டு வச்சுட்டானுங்க" என்று திட்டுவார் என எதிர்பார்த்தேன். கொஞ்சம் அதற்காகத்தான் கூட்டிப்போனதும்.

அப்பா கம்பியை அழுத்திப் பிடித்திருந்தார். ஓட்டும்போது கைப்பிடியை அழுத்தியே வைத்திருக்கவேண்டும், விட்டால் பிரேக் பிடித்துவிடும் என்று சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். வீட்டில் டிவி பார்க்கும்போதும் அந்தக் கை நாற்காலியை அழுத்திக்கொண்டிருக்கும்.

ஃபேரர் பார்க் தாண்டியது. பூன் கெங்கிலும் நடைமேடையின் கண்ணாடிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க யாரும் குதிக்க முடியாதுல்ல?"

"முடியாதுப்பா. ரயில் வந்து நின்னாதான் அந்தக் கதவும் தொறக்கும்."

"எனக்கு நாலு பேரு" என்றார். "பிரேக் போட்டாலும் உடனே நிக்காதுடா. ஹாரன் அடிக்கலாம், அவ்ளோதான். ஒரு பொண்ணு திரும்பிப் பாத்துச்சு."

சில நாள் வந்ததும் பேசாமல் நேராகக் குளிக்கப் போவார். அம்மா எங்களைக் கிட்டே விடமாட்டாள். கோபமாக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம்.

பொங்கோலில் இறங்கினோம். திரும்புகிற ரயிலிலும் அப்பா முதல் பெட்டிக்குத்தான் நடந்தார்.