செவ்வாயில் சிக்கிய 'ஆம்புலன்ஸ்'... சின்ன வேலைக்கு வழிவிட்டதால் பிழைத்த விண்கலம்!

1997, ஜூலை 4. பாராசூட்டில் இறங்கி, காற்றுப்பைகளின் உதவியால் பந்துபோலத் துள்ளித் துள்ளி செவ்வாயில் உட்கார்ந்தது நாசாவின் 'மார்ஸ் பாத்ஃபைண்டர்'. அதிலிருந்து 'சோஜர்னர்' என்ற குட்டி வண்டி இறங்கி உருண்டது. படங்கள் வந்து குவிந்தன. உலகமே கொண்டாடியது.

சில நாள்களிலேயே ஒரு வினோதப் பிரச்னை. விண்கலத்தின் கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. ஒருமுறை அல்ல, மறுபடி மறுபடி!

கையிலிருக்கும் போன் ஹேங் ஆனால் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கலாம். அங்கே? பூமியிலிருந்து சுமார் 19 கோடி கிலோமீட்டர். ஒரு கட்டளை போய்ச் சேரவே 10 நிமிடங்களுக்கு மேல் ஆகும். சேகரித்த தகவல்கள் அழியவில்லை என்பது மட்டும் ஆறுதல். ஆனால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அன்றைக்குக் கொடுத்திருந்த மிச்ச வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. தரையிறங்கிய கலத்துக்குத் திட்டமிட்ட ஆயுள் 30 நாள்கள், குட்டி வண்டிக்கு 7 நாள்கள்தான். அதில் ஒரு நாள் போவது சின்ன இழப்பா என்ன?

ஒரே மூளை, பல வேலைகள்

பாத்ஃபைண்டரின் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு பிராசஸர். வேகம் 20 மெகாஹெர்ட்ஸ். இன்றைய சாதாரண போன்கூட அதைவிடப் பல மடங்கு வேகம். அந்த ஒற்றை மூளைதான் கேமரா, ரேடியோ, வானிலைக் கருவி என எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். எது முதலில், எது அடுத்து என்று முடிவு செய்வது, இயங்குதளத்தின் மையமான கெர்னல். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. பெரிய வேலை வந்தால், சின்ன வேலை ஓரமாக நிற்க வேண்டும். இது முதல் விதி.

இரண்டு வேலைகள் ஒரே தகவலில் ஒரே நேரத்தில் கைவைத்தால் எல்லாம் குழம்பிவிடும். ஒரு கணக்கு நோட்டில், ஒரே வரியில், இரண்டு பேர் எழுதினால் எப்படி இருக்கும்? அதனால், உள்ளே போகிற வேலை பூட்டிக்கொள்ள வேண்டும். முடித்த பிறகு திறந்துவிட வேண்டும். அதுவரை அடுத்தது வாசலில் காத்திருக்க வேண்டும். இது இரண்டாவது விதி. 1960-களிலேயே நெதர்லாந்தின் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதற்கு ஒரு முறையை வகுத்து, 'செமஃபோர்' என்று பெயரிட்டார். ரயில் பாதையோரம் நிற்கும் கைகாட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்.

முதல் விதி சரி. இரண்டாவது விதியும் சரி. இரண்டும் சந்தித்த இடத்தில்தான் வில்லங்கம்!

பாலத்தில் ஒரு மீன்பாடி வண்டி

ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகலான பாலம். தண்ணீர் கேன் ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று அதில் மெதுவாகப் போகிறது. பின்னால் சைரனோடு ஆம்புலன்ஸ். முன்னால் இருப்பது இறங்கிவிட்டால் ஆம்புலன்ஸ் பறந்துவிடும். ஆனால், பாலம் முடியும் இடத்தில் மெயின் ரோடு. அங்கிருக்கும் டிராஃபிக் போலீஸ்காரர், "மீன்பாடி வண்டிதானே... நில்லுப்பா!" என்று நிறுத்திவிட்டு, பஸ்களை வரிசையாக அனுப்புகிறார். விதிப்படி அவர் செய்வது சரிதான். பின்னால் ஆம்புலன்ஸ் நிற்பது மட்டும் அவர் கணக்கில் இல்லை.

செவ்வாயில் நடந்ததும் இதுதான். வானிலைத் தகவல் சேகரிக்கும் வேலைதான் மீன்பாடி வண்டி; அதற்கு முன்னுரிமை குறைவு. கருவிகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே வரும் தகவலைப் பிரித்துக் கொடுக்கும் வேலைதான் ஆம்புலன்ஸ். நொடிக்கு 8 முறை அது நடந்தாக வேண்டும். வானிலை வேலை பூட்டைக் கையில் வைத்திருந்த சமயம், நடுத்தர முன்னுரிமை வேலைகள் பஸ்கள்போலக் குறுக்கே வந்தன. தகவல் வேலை குறித்த நேரத்தில் முடியவில்லை. ஏதோ பெரிய கோளாறு என்று எடுத்துக்கொண்ட பாதுகாப்பு ஏற்பாடு, மொத்த கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டது!

முன்பே தலைகாட்டிய கோளாறு

தரையிறங்குவதற்கு முன்பு நடந்த சோதனைகளிலேயே இந்தக் கோளாறு தலைகாட்டியது. தேடிப் பிடிக்கப் போனபோது மறுபடி வரவில்லை. குழுவினர் அதை மறந்துவிடவில்லை. ஆனால், பத்திரமாகத் தரையிறக்கும் மென்பொருள்தான் அப்போது அவர்களின் முதல் கவலை. இறங்கிய பிறகு எதிர்பார்த்ததைவிட நல்ல வேகத்தில் தகவல் அனுப்ப முடிந்தது. கம்ப்யூட்டருக்கு வேலை கூடியது. கோளாறும் வெளியே வந்தது.

கலிஃபோர்னியாவிலுள்ள ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில், அதே மென்பொருளை ஓடவிட்டு, அதே கோளாறை வரவழைத்துப் பார்த்தார்கள். காரணம் சிக்கியது. மருந்தும் கைவசமே இருந்தது. விண்கலத்தில் ஓடிய 'விஎக்ஸ்வொர்க்ஸ்' இயங்குதளத்தில் 'முன்னுரிமை மரபேற்பு' என்ற வசதி ஏற்கெனவே உண்டு. அந்தக் குறிப்பிட்ட பூட்டுக்கு அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த வசதி சொல்வது இவ்வளவுதான்: பின்னால் ஆம்புலன்ஸ் காத்திருந்தால், பாலத்தைவிட்டு இறங்கும்வரை மீன்பாடி வண்டியையும் ஆம்புலன்ஸாகவே நடத்து. இறங்கியதும் அது பழையபடி மீன்பாடி வண்டி.

இந்த வழியை விரிவாக ஆராய்ந்து 1990-ல் கட்டுரை வெளியிட்டவர்கள் மூவர். லூயி ஷா, ஜான் லெஹோஸ்கி, ரகுநாதன் ராஜ்குமார். இவர்களில் ராஜ்குமார், கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984-ல் பொறியியல் முடித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர்.

வசதியை 'ஆன்' செய்யும் சின்னஞ்சிறு திருத்தம் செவ்வாய்க்குப் போனது. அந்த ரீஸ்டார்ட்டுகள் நின்றன. 30 நாள்களுக்கென்று போன பாத்ஃபைண்டர், செப்டம்பர் 27 வரை பூமியோடு பேசியது.

உங்கள் போனிலும் உண்டு!

ஆண்ட்ராய்டு போன்களின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலிலும் 2006 முதல் இந்த வசதி இருக்கிறது. மனிதர்களின் உலகில்தான் இன்னும் சரியாக வரவில்லை. ஆபரேஷனுக்கு டாக்டர் தயார். லேபிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. எல்லோரும் டாக்டரின் அறை வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார்கள். லேபில் ஒற்றை ஆளாக நிற்கும் டெக்னீஷியனுக்கோ அடுத்தடுத்து வேறு வேலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த நிமிடம் ஆஸ்பத்திரியிலேயே முக்கியமான ஆள் அவர்தான் என்பது அவருக்கே தெரியாது. அவர் கையிலிருக்கும் வேலைக்கு வழிவிடுவதுதான் டாக்டருக்கு வழிவிடுவது.

1997 டிசம்பரில், சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கணினி ஆய்வாளர்கள் மாநாட்டில் இந்தச் செவ்வாய்க் கதை சொல்லப்பட்டது. அந்த மூவரும் அன்று அதே அரங்கில்தான் இருந்தார்கள். எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஏழு வருடங்களுக்கு முன் தாளில் எழுதிய ஒரு யோசனை, வேறொரு கிரகத்தில் ஒரு விண்கலத்துக்குக் கைகொடுத்திருக்கிறது. அரங்கமே கைதட்டியது!