தையல் மெஷினில் பிறந்த சிறகு

ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஒரு விமானம் கட்டிவிடத் துணிந்தார். பின்னால் தனக்கு வரவேண்டிய பங்கை முன்கூட்டியே கேட்டு, தாத்தாவிடமிருந்து 1,000 பவுண்டு வாங்கினார். என்ஜினையும் தானே வடிவமைத்தார். நண்பர் ஃபிராங்க் ஹெர்ல் தோள் கொடுத்தார். இறக்கைக்கான துணியை மனைவி லூயி கைத்தையல் மெஷினில் தைத்தார்.

1909 டிசம்பரில், இங்கிலாந்தின் செவன் பாரோஸ் மேட்டுச் சரிவில் அந்த விமானம் கிளம்பியது. சில நொடிகளில் இறக்கை ஒடிந்து நொறுங்கியது. உள்ளே இருந்த டி ஹாவிலண்டுக்குப் பெரிய காயமில்லை. மிஞ்சியது என்ஜின்தான். அதை வைத்து இரண்டாவது விமானத்தைக் கட்டத் தொடங்கினார். இடையில், 1910 பிப்ரவரியில், மூத்த மகன் பிறந்தான். தகப்பனின் பெயரையே வைத்தார்கள். செப்டம்பரில் அதே மைதானத்தில் சக்கரங்கள் தரையை விட்டு எழுகின்றனவா என்று ஹெர்ல் புல்லில் படுத்துப் பார்த்தார். எழுந்தன! அந்த விமானத்தை அரசு 400 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

1920ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அது இயங்கிவந்த ஸ்டாக் லேன் மைதானத்தை உடனே விலைக்கு வாங்க வேண்டும், கையிலோ பணம் இல்லை. விமானம் வாங்க வந்த ஆலன் பட்லர் என்ற இளைஞர் முதலீடு செய்து கைகொடுத்தார். போர்க்கால என்ஜினின் உதிரிபாகங்களைக் கொண்டு, மடக்கிவைக்கக்கூடிய இறக்கையோடு ஒரு சின்ன விமானம் உருவானது. பூச்சியினங்களில் ஆர்வம் கொண்ட டி ஹாவிலண்ட் அதற்கு 'மாத்', அதாவது அந்துப்பூச்சி, என்று பெயர் வைத்தார். 1925 பிப்ரவரி 22ல் அதை முதலில் ஓட்டியவரும் அவர்தான். பணக்காரர்களுக்கும் ராணுவத்துக்கும் மட்டும் என்றிருந்த வானத்தைச் சாதாரண மனிதர்களுக்குக் கிட்டே கொண்டுவந்தது அந்தப் பூச்சி. 1930ல் எமி ஜான்சன் என்ற பெண் பழைய 'ஜிப்ஸி மாத்' ஒன்றில் தனியாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். 1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுபோனதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த 'புஸ் மாத்'தில்தான்.

துணிச்சலுக்கு விலை உண்டு. அதை அவர் வீடே கொடுத்தது. மரத்தால் ஆன 'மாஸ்கிடோ' போர் விமானத்தை 1940 நவம்பரில் முதலில் பறக்கவிட்டவர் மகன் ஜெஃப்ரி. 1943ல் இரண்டு மாஸ்கிடோக்கள் வானில் மோதி இளைய மகன் ஜான் இறந்தார். 1946ல், ஒலியின் வேகத்தை நெருங்கும் சோதனையில் வால் இல்லாத ஜெட் சிதறி ஜெஃப்ரியும் போனார். துணி தைத்துக் கொடுத்த லூயி 1949ல் கண்மூடினார்.

அதே 1949ல், ஜூலை 27ல், டி ஹாவிலண்டின் 67ஆவது பிறந்த நாளன்று, 'காமெட்' பறந்தது. உலகின் முதல் பயணிகள் ஜெட். 1952ல் அது பயணிகளை ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக் கிளம்பியது. 1954ல் எல்பா அருகே ஒன்றும் நேப்பிள்ஸ் அருகே ஒன்றுமாக, இரண்டு காமெட்கள் கடலில் விழுந்தன. 56 பேர் மாண்டார்கள். முழு விமான உடலையும் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றிச் சோதித்தார்கள். சுமார் 3,000 பயணங்களுக்குச் சமமான அழுத்தத்துக்குப் பிறகு, திறப்பின் மூலையிலிருந்து உலோகம் கிழிந்தது. உலோகச் சோர்வு என்று விசாரணை வெளிப்படையாகவே சொன்னது. அந்தப் பாடத்தை உலகமே படித்தது.

1909ல் சரிவில் நொறுங்கியபோது ஆபத்தை ஏற்றவர் அவர் ஒருவரே. காமெட்டில் அதைச் சுமந்தவர்கள் டிக்கெட் வாங்கி ஏறிய பயணிகள். அவர்களுக்கு அது தெரியாது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு அவரை வீரர் என்று மட்டும் புகழ்வது சரியல்ல. தன்னையும் தன் பிள்ளைகளையும் முன்னால் நிறுத்தியவர் என்பதை மறைத்துப் பழிப்பதும் நியாயமல்ல.

1965 மே 21ல் அவர் இறந்தார். அவருடைய சாம்பலை விமானத்திலிருந்து செவன் பாரோஸ் மைதானத்தின் மீது தூவினார்கள்.