வில்லுக்கு எழுதியதை மூச்சில் வாசிப்பது

கிளாரினெட் வாசிக்கிறவர்களுக்குத் துணையில்லாமல் தனியாக நின்று வாசிக்கப் பெரிய இசை அதிகம் கிடையாது. மோட்சார்ட் 1791இல் எழுதிய கான்செர்ட்டோவுக்கு ஆர்க்கெஸ்ட்ரா வேண்டும். பிராம்ஸ் 1891இல் எழுதிய குவின்டெட்டுக்கு நான்கு தந்தி வாத்தியக்காரர்கள் வேண்டும். கச்சேரிகளில் கேட்கக் கிடைக்கும் தனி உருப்படிகளில் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஸ்ட்ராவின்ஸ்கி 1918இல் எழுதிய மூன்று உருப்படிகள் அவற்றில் முந்தியவை. ஆனால் வாத்தியக்காரனின் வாழ்வில் பெரும்பகுதி தனியறைச் சாதகத்தில்தான் கழிகிறது. அந்த நேரத்தை விரற்பயிற்சிப் புத்தகங்களைக் கொண்டே நிரப்பினால் விரல் வளரும், காது வளராது. அதனால்தான் நம்மில் பலர் நமக்காக எழுதப்படாத ஓர் இசையைத் தேடிப் போகிறோம்: பரோக் காலத்தில் தனி வயலினுக்கும் தனி செல்லோவுக்கும் எழுதப்பட்ட இசை.

யோஹான் செபாஸ்டியன் பாக் 1717 முதல் 1723 வரை கோத்தன் அரசவையில் இசைத் தலைவராக இருந்தார். தனி வயலினுக்கான மூன்று சொனாட்டாக்களும் மூன்று பார்ட்டிட்டாக்களும் 1720 என்று அவரே ஆண்டு குறித்த கையெழுத்துப் பிரதியில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. செல்லோவுக்கான ஆறு சூட்களின் மூலப்பிரதி தொலைந்துவிட்டது. அவருடைய இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த நகலும் இன்னும் சிலர் எடுத்த நகல்களும்தான் ஆதாரம். டெலமான் 1735இல் தனி வயலினுக்குப் பன்னிரண்டு ஃபேன்டசியாக்கள் எழுதினார். இவை எதற்கும் பக்கத்தில் ஹார்ப்சிகார்டு இல்லை. பாஸ் குரல் கொடுக்கவும் ஆள் இல்லை. ஒரே ஆள் மெட்டையும் அதன் அடித்தளத்தையும் சேர்த்துக் கட்டவேண்டும்.

கிளாரினெட்டோ அப்போதுதான் பிறந்துகொண்டிருந்த வாத்தியம். நியூரம்பர்க் நகரத்து டென்னர் குடும்பத்தின் பட்டறையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது அது. பாக் அதற்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை. அப்படியிருக்க, அவருடைய தந்தி இசையை நாம் எடுத்து ஊதுவது முறைதானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பாக் செய்ததைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடுகிறது. இ மேஜர் வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசையை அவரே டி மேஜருக்கு மாற்றி, ஆர்கனிடம் கொடுத்து, டிரம்பெட்டும் டிம்பனியும் சேர்த்து, 1731இல் ஒரு கான்டாட்டாவின் தொடக்கமாக வைத்தார். ஐந்தாவது செல்லோ சூட்டை லூட் வாத்தியத்துக்கு மாற்றி எழுதினார். தனி வயலின் இசையை அவர் பலமுறை கிளாவிகார்டில், வேண்டிய சுரங்களைச் சேர்த்துக்கொண்டு வாசிப்பார் என்று அவருடைய மாணவர் ஆக்ரிகோலா பதிவு செய்திருக்கிறார். ஓர் இசை ஒரு வாத்தியத்துக்கு மட்டுமே சொந்தம் என்ற எண்ணம் பாக்கிடம் இல்லை.

அனுமதி உண்டு என்பதால் மட்டும் வாசிப்பு நன்றாக அமைந்துவிடாது. முதல் வேலை, இசையை வாத்தியத்தின் எல்லைக்குள் உட்காரவைப்பது. ஜி மேஜரில் உள்ள முதல் செல்லோ சூட்டை எடுத்துக்கொள்வோம். செல்லோவின் ஆகக் கீழ்த் தந்தி சி. பி-ஃப்ளாட் கிளாரினெட்டில், எழுதுகிற கணக்குப்படி, இ-க்குக் கீழே சுரம் கிடையாது. செல்லோவின் நோட்ஸை ஒரு ஸ்தாயி ஏற்றினாலும் கீழே இடம் போதாது. அதற்கு மேல் இன்னும் ஒரு சுத்த மத்தியமத் தூரம் ஏற்றி, ஜி மேஜரை சி மேஜராக எழுதிக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. செல்லோவின் கீழ் சி நமக்கு எஃப் ஆகிறது. முன்னிசையின் உச்சத்தில் வரும் ஜி நமக்கு மேல் சி ஆகிறது. இரண்டும் நன்றாக ஒலிக்கிற இடங்கள். கீழ் சி வரை இறங்கும் பாஸ் கிளாரினெட் இருந்தால் செல்லோவின் சொந்தச் சுருதியிலேயே வாசிக்கலாம். அது எல்லோர் கையிலும் இருக்கிற வாத்தியம் இல்லை.

பொருத்திவிட்டால் அடுத்த தடை முதல் பாரிலேயே நிற்கிறது. செல்லோ வாசிப்பவர் மூன்று தந்திகளின் மேல் வில்லை உருட்டிக்கொண்டு போகிறார். கீழ் ஜியும் நடு டியும் திறந்த தந்திகள். கிளாரினெட்டில் அதே உருவம் சி, ஜி, இ என்று வருகிறது. நடுவில் உள்ள ஜி எந்த விரலையும் வைக்காமல் ஊதுகிற சுரம். அதற்கு மேலுள்ள இ-க்கு இடக்கட்டை விரல், ரெஜிஸ்டர் சாவி, இன்னும் ஐந்து விரல்கள் எல்லாம் ஒரே கணத்தில் மூடவேண்டும். மற்ற பல காற்று வாத்தியங்களில் ஊதும் சுரம் தாவும்போது ஒரு ஸ்தாயி மேலே போகும்; கிளாரினெட் உருளைக் குழல், ஒரு முனை அடைபட்டதுபோல் நடந்துகொள்வதால் ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் மேலே தாவும். அதனால் கீழ்ப்பகுதிக்கும் மேல்பகுதிக்கும் நடுவே ஒரு கடவு உண்டாகிறது. செல்லோவுக்கு மிக எளிதாக அமைந்த அசைவு, அந்தக் கடவை ஒரே பாரில் திரும்பத் திரும்பத் தாண்டச் சொல்கிறது. ஜி ஊதும்போதே வலக்கை விரல்களை முன்கூட்டி மூடிவைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். சுரம் அதனால் கெடுவதில்லை; மறுகரைக்குப் போகப் பாதி வேலை முடிந்திருக்கும். மெதுவாக, மெட்ரோனோமை மிகக் குறைத்து வைத்து, இந்த ஒரு பாரையே நீண்ட நேரம் வாசிப்பது எனக்குச் சலித்ததில்லை. கீழ்ச் சுரத்தின் இருண்ட மரக்குரலும் மேல் சுரத்தின் தெளிவும் ஒரே குடும்பத்துக் குரல்கள்போல் சேர்ந்துவிடுகிற நாளில் வாத்தியமே புதிதாகத் தெரிகிறது.

இவையெல்லாம் விரலுக்கான கேள்விகள். உண்மையான கேள்வி மூச்சு.

முதல் செல்லோ சூட்டின் முன்னிசை 42 பார்கள். 22ஆவது பாரில் ஒரு நிறுத்தக் குறி வருகிறது. மற்றபடி கடைசிக் கார்டு வரைக்கும் பதினாறில் ஒரு பங்குச் சுரங்கள் இடைவெளியில்லாமல் ஓடுகின்றன. வில்லுக்கு மூச்சு வேண்டாம். முனைக்குப் போனால் திரும்பிவிடும். நமக்கு அப்படியில்லை. இதற்குச் சக்கர மூச்சு ஒரு வழி என்பார்கள். நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்து, சுருதி அறாமல் நிறுத்துவதை நம் கோயில்களில் பார்க்கலாம். ஒத்துக்கு அதுதான் தர்மம். அது அறுந்தால் சுருதி அறும். கிளாரினெட்டிலும் அதைப் பழகலாம், பழகியவர்கள் அருமையாகச் செய்கிறார்கள். ஆனால் பாக்கின் இசை சுருதி இல்லை, பேச்சு. மூச்சே விடாமல் பேசுகிறவரின் பேச்சில் எங்கே ஒரு வாக்கியம் முடிந்தது என்று கேட்பவருக்குப் பிடிபடாது. அதனால் நான் மூச்சை மறைக்கிற வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. எங்கே எடுப்பது என்று தேடுகிற வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

தேட ஆரம்பித்தால் இசை தன் எலும்பைக் காட்டத் தொடங்கும். பார்க்கோட்டின் மேல் மூச்சு வாங்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது பெரும்பாலும் பொருந்தாது. ஏனென்றால் ஒரு பாரின் கடைசிச் சுரம் அடுத்த பாரின் முதல் சுரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த முதல் சுரம், அதாவது பாஸ், ஒலித்து முடிந்த பிறகு எடுத்தால் வாக்கியம் அறுவதில்லை. பாஸ் காதில் நிற்க, அதன் மேல் அடுத்த சொல் தொடங்குகிறது. முதல் மூன்று பார்களில் ஒவ்வொரு பாரின் பின்பாதியும் முன்பாதியையே திரும்பச் சொல்கிறது. அங்கே ஒரு சுரத்தை விட்டுவிட்டு மூச்செடுத்தாலும் கேட்பவரின் காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதே சூட்டில் அடுத்து வரும் அலமாண்டில் வலுவான அடிக்கு முன் ஒரு சிறு எடுப்புச் சுரம் வரும். மூச்சு அதற்கு முன்னே வரவேண்டும், பின்னே அல்ல. பென்சிலும் ரப்பரும் கையில் வைத்துக்கொண்டு, வாத்தியத்தைத் தொடாமல் வாயால் பாடிப் பார்த்துக் குறித்தால் இந்த இடங்கள் தானாக வரும்.

செல்லோ வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் ஒருமுறை இப்படிக் குறித்ததை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “நீங்க மூச்சு எடுக்கற இடத்துலதான் எனக்கும் வாக்கியம் முடியுது. ஆனா கையில வில் இருக்கறதால அதைக் கவனிக்காமலே தாண்டிப் போயிடறேன்.” இந்த இசையைக் கிளாரினெட்டில் வாசிப்பதால் என்ன கிடைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. வில்லுக்கு விருப்பமாக இருக்கிற ஒன்று நமக்குக் கட்டாயமாகிறது. கட்டாயம் வந்ததும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முடிவெடுக்க, ஒவ்வொரு பாரிலும் இசை எங்கே போகிறது என்று தெரிந்திருக்கவேண்டும்.

பாக்கே காற்று வாத்தியத்துக்கு இந்தச் சோதனையை வைத்திருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும். தனிப் புல்லாங்குழலுக்கான ஏ மைனர் பார்ட்டிட்டாவின் அலமாண்ட் முழுவதும் சுரங்கள் இடைவெளியின்றி ஓடுகின்றன. அது முதலில் வேறு வாத்தியத்துக்கு எழுதப்பட்டதோ என்று ஐயப்படுகிறவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் புல்லாங்குழல்காரர்கள் அதை மூச்செடுத்து மூச்செடுத்து வாசித்து, தங்கள் இசையாக்கிவிட்டார்கள்.

நாம் இழப்பவையும் சிறியவை அல்ல. வயலினில் நான்கு தந்திகளையும் சேர்த்து இழுக்கிற கார்டுகள் நமக்கு இல்லை. கீழ்ச்சுரங்களைச் சின்ன முன்சுரங்களாக விரைவில் தொட்டு, மேலே உள்ள மெட்டுச் சுரத்தில் நிற்பது வழக்கமான தீர்வு. எல்லாவற்றையும் தொட முயன்றால் தாளம் தடுமாறுகிறது. நான் பாஸையும் மெட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவிலுள்ளதை விட்டுவிடுகிறேன். வில் விலகிய பிறகும் திறந்த தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும். கிளாரினெட்டில் மூச்சு நின்றால் ஒலியும் நிற்கும். அதனால் பாஸ் சுரத்தைக் கொஞ்சம் கூடுதல் கனத்தோடு ஊதி, கேட்பவர் நினைவில் பதியவைக்கவேண்டும். ஒரே வரியில் மூன்று குரல்கள் ஒளிந்திருக்கிற இசை இது. எது பாஸ், எது மெட்டு, எது இடையில் நிரப்புவது என்பதை வெறும் காற்றின் அளவால் பிரித்துக் காட்டுகிற பயிற்சி வேறெங்கும் இவ்வளவு கிடைக்காது.

கிளாரினெட்டுக்கு மட்டுமே உள்ள செல்வமும் இங்கே பயன்படுகிறது. இல்லாமையிலிருந்து ஒலியைத் தொடங்கி, வளர்த்து, மறுபடி இல்லாமைக்குக் கொண்டுபோக இந்த வாத்தியத்தால் முடியும். ஐந்தாவது செல்லோ சூட்டின் சாரபாண்டில் ஒரு கார்டுகூட இல்லை. தனித்தனிச் சுரங்கள் மட்டும், அகலமான தாவல்களோடு. நாம் எதையும் விடவேண்டியதில்லை, எதையும் உடைக்கவேண்டியதில்லை. கிளாரினெட்டின் கீழ்ப்பகுதிக் குரலில் அதை வாசிக்கும்போது மாற்றம் செய்த இசை என்ற எண்ணமே எழுவதில்லை. கடன் வாங்கிய இசையில் நமக்கு மிகவும் பொருந்துவது எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எல்லாவற்றையும் எடுத்து வாசிக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வயலின் சொனாட்டாக்களின் ஃபியூகுகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்களால் ஆனவை. அவற்றை ஒற்றைக் குரலாக்கினால் மிஞ்சுவது குறைவு. டி மைனர் பார்ட்டிட்டாவின் சாக்கோனைப் பற்றி முடிவு சொல்வது கடினம். பிராம்ஸ் அதைக் கிளாரா ஷூமானுக்காகப் பியானோவுக்கு மாற்றியபோது இடது கைக்கு மட்டுமே எழுதினார். இரண்டு கைகள் இருந்தும் ஒன்றைத்தான் பயன்படுத்தினார், வயலின்காரர் படும் நெருக்கடியின் ஒரு பங்கு பியானோவிலும் இருக்கவேண்டும் என்பதற்காக. நமக்கு அந்த நெருக்கடி கேட்காமலே கிடைக்கிறது. ஆனாலும் சாக்கோனைச் சபையில் வாசிக்க நான் முன்வரமாட்டேன். அறையில் வாசித்துக் கற்பேன். சபைக்கு முதல் செல்லோ சூட், ஐந்தாவதின் சாரபாண்ட், டெலமானின் சில ஃபேன்டசியாக்கள் போதும்.

கிளாரினெட் கற்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அச்சில் வந்த கிளாரினெட் பதிப்பு எதையும் வாங்குவதற்கு முன், அன்னா மக்தலேனாவின் நகலைப் பாருங்கள். அவர் எழுதிய வில்வளைவுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பல இடங்களில் திட்டமாகச் சொல்லமுடியாது. செல்லோக்காரர்களே ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். பாப்லோ காஸல்ஸ் 1936 முதல் 1939 வரை செய்த ஒலிப்பதிவைக் கேளுங்கள், இன்றைக்குப் பழைய வில்லால் வாசிப்பவர்களையும் கேளுங்கள். பிறகு ஒரு பக்கத்தை உங்கள் கையாலேயே இடம்மாற்றி எழுதி, மூச்சுக்குறிகளை நீங்களே போடுங்கள். வேறொருவர் போட்ட குறியில் மூச்செடுத்தால் வாசித்துவிடலாம். இந்த இசை ஏன் அங்கே மூச்சு விடுகிறது என்பது, தேடிக் குறித்தவருக்குத்தான் தெரியும்.