திரும்பி ஏறும் சிறுநீர்

நீர்க்கடுப்பு என்றால் எங்கள் வீட்டில் ‘உடம்புச் சூடு’ என்று இளநீர்தான் கொடுப்பார்கள். 34 வயதுத் தங்கைக்கு ஒரே வருஷத்தில் நாலாவது முறையாக வந்தபோது, குளிர்காய்ச்சலும் விலாவுக்குக் கீழே வலியும் சேர்ந்துகொண்டன.

டியூப் வழியாகச் சிறுநீர்ப்பையில் சாய மருந்து நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தார்கள். (அந்தக் கூச்சம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.) மருந்து இடது சிறுநீரகம்வரை ஏறியிருந்தது! சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், பையின் சுவருக்குள் சாய்வாக நுழையும். பை நிரம்பினால் சுவரே அதை அழுத்தி மூடிவிடும். அவளுக்குப் பிறவியிலேயே அப்படி மூடுவதில்லை. கிருமி மேலே போய், சிறுநீரகத்தில் தழும்பே விழுந்திருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு 2 வருஷமாகக் காய்ச்சல் இல்லை. தழும்பு மறையாது, அதனால் வந்த பிரஷருக்கு மாத்திரை தொடர்கிறது. இது குடும்பத்தில் தொடரக்கூடியதாம். அவள் மகளுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வியாழக்கிழமை போகிறோம்.